படத்தின் பின்புறம்

இராசராச சோழனின் தந்தையார் யார் என்று கேட்டால் உங்களில் பலர் தயங்காமல் விடை சொல்வீர்கள். உங்கள் தந்தையார் பத்து வயதில் எந்தத் தெருவில் குடியிருந்தார், எவ்வழியே பள்ளிக்கு நடந்தார், அவருடன் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சிறிது தயக்கம் ஏற்படும். இது உங்கள் குற்றம் அன்று. பெற்றோர் நமக்குப் பெற்றோராகவே அறிமுகமாகிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் முழங்காலில் சிராய்ப்புடன் ஓடித் திரிந்த சிறுவர்களே என்பது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. வரும்போது, கேட்டுத் தெரிந்துகொள்ளப் பல வீடுகளில் அவர்கள் இருப்பதில்லை.

என் தந்தையாரின் இளமைக் கதையை நான் எவ்வாறு அறிந்தேன் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். அதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். நான் முன்னரே கேட்டிருந்தால், அவர் பல்லாண்டுகள் தனியே சுமந்த துயரம் ஒன்று சற்றேனும் குறைந்திருக்கும். ஆதலின், இதை ஓர் எச்சரிக்கையாகவும் நீங்கள் கேட்கலாம்.

என் தந்தையார் 1931-ஆம் ஆண்டில் ரங்கூன் நகரில் பிறந்தவர். எங்கள் பாட்டனார் இராமநாதபுரச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து கப்பலேறி, அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். அக்காலத்து ரங்கூனை இன்று கற்பனை செய்வது கடினம். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகரில் ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுவதிலும் இந்தியர் தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழர், தெலுங்கர், வங்காளியர், ஒரியர் எனப் பலரும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் வயல்களிலும் வட்டிக் கடைகளிலும் உழைத்தனர். பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டு வந்தது. 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் அது தனியே பிரிக்கப்பட்டது.

இவை புத்தகங்களில் உள்ள செய்திகள். எங்கள் வீட்டில் ரங்கூனைப் பற்றி இருந்தவை மூன்றே பொருள்கள்.

முதலாவது, ஓர் ஐந்து ரூபாய் நோட்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்தது. பார்வைக்கு அக்காலத்து இந்திய நோட்டே. ஆனால் அதன்மேல், பர்மாவில் மட்டுமே செல்லும் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் தனியே அச்சிடப்பட்டிருந்தன. சிறுவயதில் நாங்கள், "இதற்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்போம். "ஒன்றும் வாங்க முடியாது" என்பார் அப்பா.

இரண்டாவது, ஒரு வெள்ளித் தண்டை. சிறு குழந்தையின் காலுக்கு உரியது. ஒற்றைத் தண்டை, அதன் இணை இல்லை. என் அப்பத்தா அதை ஒரு துணியில் முடிந்து, தம் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எவரையும் தொட விட்டதில்லை. 1968-இல் அவர் காலமான பின்னர் அது அப்பாவின் பெட்டிக்குப் போயிற்று. துணியும் மாறவில்லை, முடிச்சும் அவிழவில்லை.

மூன்றாவது, ஒரு நிழற்படம். அது கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. நாற்காலியில் பாட்டனார், அருகே அப்பத்தா, அவர் மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் பாவாடை கட்டிய சிறுமியாக என் அத்தை. ரங்கூனில் எடுத்து ஊருக்குத் தபாலில் அனுப்பியதால்தான் அந்தப் படம் பிழைத்தது என்று வீட்டில் சொல்வார்கள். "மடியில் இருப்பது நீங்களா, அப்பா?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "ம்" என்றார். அந்த ஓரெழுத்து விடையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நான் நம்பியிருந்தேன்.

ரங்கூனிலிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்டாலும் அவர் விடை சுருக்கமாகவே இருக்கும். "யுத்தம் வந்தது, நடந்து வந்தோம்." இந்த நான்கு சொற்களுக்கு மேல் அவர் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவருக்கு நினைவில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தப் படச் சட்டத்தில் கறையான் ஏறியது. படத்தையாவது காப்பாற்றலாம் என்று சட்டத்தைக் கழற்றினேன். அப்போது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. சட்டம் போட்டவர், படத்தின் அளவுக்குச் சட்டம் கிடைக்காமையால், மேலே ஒரு வெட்டு அட்டையை வைத்து ஓரத்தை மறைத்திருந்தார். அட்டையை எடுத்ததும் அந்த ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு சிறுவன் தெரிந்தான். முகச்சாயலைப் பார்த்தவுடன் அறிந்துகொண்டேன். அவரே என் தந்தையார்.

அவ்வாறாயின் மடியில் இருந்த குழந்தை யார்? படத்தைத் திருப்பினேன். பாட்டனாரின் கணக்குப்பிள்ளைக் கையெழுத்து, மங்காமல் இருந்தது. ரங்கூன், 1940 என்று தலைப்பு. அதன் கீழே பிள்ளைகளின் பெயரும் வயதும் வரிசையாக. அத்தையின் பெயர், வயது 12. அப்பாவின் பெயர், வயது 9. மூன்றாவதாக ஒரு பெண்ணின் பெயர், வயது 2. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அப்போது அவருக்கு வயது 78. "இது யார், அப்பா?" என்றேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார், பின்புறத்தைத் திருப்பவில்லை. "அது பழைய கதை" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அன்று இரவு அவர் சரியாக உண்ணவும் இல்லை.

நண்பர்களே, நெடுநாள் பேசாதிருந்த ஒன்றை எடுத்த எடுப்பிலேயே கேட்டது என் பிழை. சில நாள் பொறுத்தேன். பிறகு, நோட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அவர் அருகே அமர்ந்தேன். சிறுவயதில் கேட்ட கேள்வியையே சற்று மாற்றிக் கேட்டேன். "அப்பா, இந்த நோட்டுக்கு ரங்கூனில் என்ன வாங்கலாம்?"

அவர் சிரித்தார். அன்று மாலை வரை பேசினார். ஆற்றில் சம்பான் ஓட்டுவோர் எழுப்பும் ஒலி. ஆலையிலிருந்து பாட்டனார் வரும்போது சட்டையில் ஒட்டியிருக்கும் உமித்தூள். மாலை வெயிலில் ஷ்வேடகோன் பகோடாவின் பொற்கூரை தெரியும் தெருமுனை. காலையில் பர்மியப் பெண்கள் தலையில் சுமந்து வந்து விற்ற மொகிங்கா என்னும் மீன்சாற்றுச் சேமியாவை வீட்டில் தொடக்கூடாது என்று கட்டளை. அதை அவரும் அத்தையும் சந்துக்குள் நின்று தின்பார்களாம். நினைவில்லை என்று நாங்கள் எண்ணியிருந்த மனிதர் நினைவே உருவாக இருந்தார். எங்கள் கேள்விதான் அதுவரை அவரைச் சென்று சேரவில்லை.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நாள்தோறும் எழுதத் தொடங்கினேன். அவர் சொன்ன சொல்லையே எழுதினேன். சொன்ன தேதியையும் ஓரத்தில் குறித்தேன்.

குண்டு விழுந்த நாளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு என்பார் அப்பா. பண்டிகை நாளன்றே என்பார் அத்தை. எப்போது சந்தித்தாலும் இதைப் பற்றி இருவரும் வாதிடுவர். யாருக்கோ மறதி என்று நாங்கள் நகைப்போம். பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோது உண்மை விளங்கியது. ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது முதன்முறை குண்டு வீசியது 1941 டிசம்பர் 23 அன்று காலையில். மீண்டும் வீசியது டிசம்பர் 25 அன்று. முதல் நாள் அப்பா தெருவில் இருந்தார். விமானங்களை வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்து நின்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். அவ்வாறு வேடிக்கை பார்த்தவர் பலர் அன்று மாண்டனர். இரண்டாம் முறை விழுந்த குண்டு அத்தையின் தோழி வீட்டை அழித்தது. இருவரும் உண்மையே சொன்னார்கள். ஆனால் வெவ்வேறு நாள்களைச் சொன்னார்கள். இருவர் நினைவு மாறுபட்டால் ஒன்று பொய் என்று உடனே முடிவு கட்டலாகாது என்பதை அப்போது கற்றேன். இப்பாடம் பின்னர் எனக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அன்று நான் அறியவில்லை.

1942 மார்ச் 8-ஆம் நாள் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றையோர் இந்தியாவை நோக்கி நடந்தனர். அவ்வாறு பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் தொகை 4 லட்சத்துக்குக் குறையாது என்பர். அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் சென்றோர் ஒரு சாரார். வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கின் வழியே அசாமை அடைந்தோர் ஒரு சாரார். சிந்துவின் ஆற்றின் வழியே மணிப்பூருக்கு வந்தோர் ஒரு சாரார். பசியாலும் காலரா, மலேரியா முதலிய நோய்களாலும் வழியிலேயே இறந்தவர் பல்லாயிரவர்.

எங்கள் குடும்பம் மூன்றாவது வழியில் வந்தது. மாந்தலே வரை ரயில், அங்கிருந்து மோன்யுவா, பின்னர் சிந்துவின் ஆற்றில் படகேறிக் காலேவா, அங்கிருந்து தாமு வரை நடை. தாமு எல்லைப்புறத்து ஊர். அதற்கு எதிரே மணிப்பூர்ப் பக்கத்தில் உள்ள மோரே என்னும் ஊரில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் குடியேறினர்; அது பிற்காலத்துக் கதை. தாமுவிலிருந்து பலேல் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைப்பாதை. பிறகு இம்பால், பிறகு திமாப்பூர். திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். அங்கே ரயிலைக் கண்டபோது அப்பத்தா தரையில் அமர்ந்து அழுதார் என்று அப்பா சொன்னார். அசாம் தேயிலைத் தோட்டத்தார் தங்கள் தொழிலாளரைக் கொண்டு அந்த வழியில் பாதையும் முகாமும் அமைத்திருந்தனர். முகாமில் ஒரு தகரக் குவளையில் சூடான தேநீர் கிடைத்ததும், அதன் இனிப்பும் அவருக்கு நன்றாக நினைவிருந்தன.

மாதமும் நாளும் அவருக்குத் தெரியவில்லை. "மாந்தலே எரிந்துபோன செய்தியைக் காலேவாவில் கேட்டோம்" என்றார். அது போதுமானதாயிற்று. மாந்தலே நகரில் குண்டு விழுந்து பெருந்தீ மூண்டது 1942 ஏப்ரல் 3 அன்று. ஆகவே அதற்குப் பின்னரே அவர்கள் காலேவாவை விட்டிருக்கவேண்டும். தாமுவைக் கடந்தது ஏப்ரலின் பிற்பகுதியாக இருக்கவேண்டும். சிறுவன் ஒருவன் காதில் விழுந்த செய்தியும் வரலாற்று நூலில் உள்ள தேதியும் சேர்ந்தபோது, எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாதிருந்த ஒரு காலக் கணக்கு கிடைத்தது.

இவ்வாறு ஒன்பது பத்து நாள் சென்றன. ஒரு பிற்பகலில், நான் கேளாமலேயே, அப்பா அந்தப் படத்தை எடுத்துவரச் சொன்னார். தாமே திருப்பிப் பின்புறத்தில் இருந்த மூன்றாவது பெயரை விரலால் தொட்டார்.

"பாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான்" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். மலைமேல் ஏறும்போது ஐயா மூட்டையோடு முன்னால் போய்விட்டார். பாப்பா தண்ணீர் கேட்டு அழுதது. நான் ஓடையில் இறங்கிக் குவளையில் மொண்டு கொடுத்தேன். மறுநாள் பாப்பா இல்லை. ஆத்தா ஒரு காலில் இருந்த தண்டையைக் கழற்றிக்கொண்டாள். மற்றதைக் கழற்றப் போனபோது ஐயா தடுத்துவிட்டார். காலோடு இருக்கட்டும் என்றார். கையால் தோண்டிய குழிதான். இடம் சொல்லத் தெரியாது. ஓர் ஓடை, ஒரு பெரிய மரம். அவ்வளவே."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் மேலும் ஒன்று சொன்னார். "ஆத்தாவிடம் கடைசிவரை சொல்லவில்லை." பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தங்கையைத் தானே கொன்றதாக எண்ணிக்கொண்டு 67 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறான். அவன் எங்களை வளர்த்தான், படிக்க வைத்தான், எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்தான். நாங்கள் யாரும் அறியோம்.

மறுவாரம் திருச்சியில் இருந்த அத்தையைப் பார்க்கச் சென்றேன். அவருக்கு அப்போது வயது 81. அப்பா சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் நினைவு அதன்படி வளைந்துவிடக்கூடும் என்று அஞ்சினேன். படத்தை மட்டும் கொடுத்து, "பாப்பாவுக்கு எப்போது உடம்புக்கு வந்தது, அத்தை?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "தாமு முகாமிலேயே வந்துவிட்டது. இரவெல்லாம் வாந்தியும் பேதியும். நானும் ஆத்தாவும் துணி அலசிக்கொண்டே இருந்தோம். வெளியே தெரிந்தால் முகாமைவிட்டு நகர விடமாட்டார்கள் என்று ஆத்தா வாயைத் திறக்கக்கூடாது என்றாள். விடிந்ததும் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினாள். வழியெல்லாம் அது தண்ணீர் தண்ணீர் என்றுதான் அழுதது."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தம்பி நடந்த அலுப்பில் செத்தவன்போல் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவேண்டாம் என்றாள் ஆத்தா."

"பிறகாவது நீங்கள் சொல்லவில்லையா?"

"அவன் கேட்டதே இல்லையே, அப்பா. பாப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அவன் மனம் நோகும் என்று நானும் விட்டுவிட்டேன்."

ஒருவர் மனம் நோகும் என்று மற்றவர் பேசாதிருந்தனர். குண்டு விழுந்த நாளைப் பற்றி ஆண்டுதோறும் வாதிட்ட அக்காளும் தம்பியும், இந்த ஓர் இரவைப் பற்றி ஒருமுறையும் பேசிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பியதும் அத்தை சொன்னதை நோட்டுப் புத்தகத்திலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா அப்படியா சொன்னது?" என்றார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "நான் தூங்கிவிட்டேன்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். நெடுநேரம் கழித்து, "திருச்சிக்கு எத்தனை மணிக்குப் பேருந்து?" என்று கேட்டார். இரண்டு நாள் அத்தை வீட்டில் தங்கி வந்தார். அங்கே இருவரும் என்ன பேசினர் என்பதை நான் கேட்கவில்லை. அது என் நோட்டுப் புத்தகத்துக்கு உரியது அன்று.

யாருடைய நினைவு சரியானது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. காலராக் கிருமி உடலில் புகுந்த சில மணி நேரத்திலும் நோய் தோன்றலாம். ஐந்து நாள் கழித்தும் தோன்றலாம் என்பது மருத்துவர் கூற்று. அந்தக் குழந்தை எந்த நீரால் நோயுற்றது என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. அவ்வழியே நடந்தவர்கள் பலரும் அதே ஓடைகளில் குடித்தவர்களே. நான் செய்ததெல்லாம் இருவர் சொன்னதையும் அருகருகே எழுதி வைத்ததுதான். ஆனால் 67 ஆண்டுகளாக அப்பாவிடம் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கமும் உண்டு என்று அறிந்தபின் அவர் இரவில் உறங்கினார் என்பதை நான் கண்டேன்.

அத்தை 2012-இலும், அப்பா 2014-இலும் காலமானார்கள். நான் இன்னும் ஐந்தாண்டு தாமதித்திருந்தால், படத்தின் பின்புறத்தில் விளக்கமில்லாத ஒரு பெயரும், பெட்டியில் இணையில்லாத ஒரு தண்டையும் மட்டுமே எஞ்சியிருக்கும். அவற்றைப் பார்த்து என் பேரப்பிள்ளைகள் ஏதேனும் ஒரு கற்பனைக் கதை சொல்லிக்கொள்வார்கள்.

மாணவ நண்பர்களே, இந்த அனுபவத்திலிருந்து நான் கற்ற சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழம்பொருள்கள் இருக்கும். பள்ளிச் சான்றிதழ், கடிதக் கட்டு, கணக்கு நோட்டு, பித்தளைச் செம்பில் வெட்டிய பெயர், குடும்ப அட்டை, திருமண அழைப்பிதழ் என எதுவும் இழிந்தது அன்று. அவற்றை முதலில் முன்னும் பின்னும் பாருங்கள். எந்த ஆண்டில் உண்டானது, யார் கைக்கு எப்படி வந்தது என்று எண்ணுங்கள். எங்கள் ஐந்து ரூபாய் நோட்டு, 1937-இல் பர்மா பிரிந்தபின் வெளியானது. அச்செழுத்தே அதைச் சொல்லிவிடும். ஆயினும் பொருள் தானே கதை சொல்லாது. அந்தத் தண்டையை எத்தனை ஆண்டு பார்த்திருந்தாலும், "காலோடு இருக்கட்டும்" என்ற சொல் அதிலிருந்து எனக்குக் கிடைத்திராது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மனிதரைக் கேளுங்கள்.

கேட்கும்போது, "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளாதீர்கள். அதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. காலையில் என்ன உண்டீர்கள், பள்ளிக்குச் செருப்பு உண்டா, வீட்டில் விளக்கு எங்கே இருந்தது என்று சிறியவற்றைக் கேளுங்கள். பெரியவை தாமே வரும். அவர் வாய் திறக்க விரும்பாத இடம் வந்தால் நின்றுவிடுங்கள். நாம் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்ய வரவில்லை. சொல்லுவதும் சொல்லாதிருப்பதும் அவர் உரிமை.

ஒருவரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். உடன்பிறந்தோரையும் உறவினரையும் தனித்தனியே கேளுங்கள். மாறுபாடு வந்தால் திருத்தாமல் இரண்டையும் எழுதுங்கள். சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் இருக்கட்டும். ஊகித்ததை ஊகம் என்றே எழுதுங்கள். அப்பாவின் ஓடை இன்ன இடம் என்று நில வரைபடத்தில் குறிக்க எனக்கும் ஆசை வந்தது. குறிக்கவில்லை. தாமுவைத் தாண்டி, பலேல் வருமுன் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன்.

படங்களின் பின்னால் பெயர் எழுதும்போது மையைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். வெயிலிலும் ஈரச் சுவரிலும் வைக்காதீர்கள். இன்று உங்கள் எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதிலேயே படத்தின் இரு பக்கங்களையும் பிடித்து வைக்கலாம். பெரியவர்கள் பேசுவதை, அவர்களுடைய இசைவு பெற்று, அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கலாம். எனக்கு அந்த எண்ணம் அன்று தோன்றவில்லை. அப்பாவின் சொற்கள் என்னிடம் இருக்கின்றன, குரல் இல்லை.

இவ்வாறு எழுதுவதால் உலகுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ரங்கூனில் ஜோதி என்னும் இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, தாம் நடந்து வந்ததை எனது பர்மா வழிநடைப் பயணம் என்று எழுதி வைத்தார். அதனால் அந்த நடைப்பயணத்தைத் தமிழில் நாம் படிக்க முடிகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் முதுமையில் என் சரித்திரம் எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. முற்றுப்பெறாவிடினும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தான், எப்படிப் பாடம் கேட்டான் என்பதை அறிய அதுவே நமக்குத் துணை. இவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். தங்கள் கதையைத் தாங்களே எழுதிவிட்டார்கள். நம் பெற்றோரில் பலர் எழுதமாட்டார்கள். அவர்களுக்காக நாம்தான் எழுதவேண்டும்.

எங்கள் கூடத்தில் அந்தப் படம் இப்போது புதுச் சட்டத்தில் தொங்குகிறது. வெட்டு அட்டை இல்லை. ஓரத்தில் கைகட்டி நிற்கும் சிறுவன் நன்றாகத் தெரிகிறான். படத்தின் பின்புறத்தையும் நகல் எடுத்து, அருகிலேயே மாட்டியிருக்கிறோம். வருவோர் மூன்று பெயர்களையும் படிக்கிறார்கள். மூன்றாவது பெயரைக் கேட்கும் குழந்தைகளுக்கு நாங்கள் விடை சொல்கிறோம்.

இன்று மாலை நீங்கள் வீட்டுக்குச் சென்றதும், ஏதேனும் ஒரு பழம்பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் தந்தையாரிடமோ தாயாரிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் இல்லாதவர்கள், அவர்களைச் சிறுவயதில் அறிந்த ஒருவரைத் தேடிச் சென்று கேளுங்கள். விடையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.